மாலை கழற்றும் நாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள் டோபமைனைப் பற்றி என்னைவிட அதிகம் படித்திருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் படித்த காலத்தில் அதற்குப் பாடப்புத்தகத்தில் அரைப்பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட செல்போனை நோண்டிக்கொண்டே அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஆகையால் மூளையில் எது எங்கே சுரக்கிறது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. அம்பத்தூரில் ஒரு போதை மீட்பு மருத்துவமனையில் மனநல மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நான் உட்கார்ந்திருந்த அதே அறையில்தான் நீங்கள் உட்காரப் போகிறீர்கள். அந்த அறையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அங்கே ஒரு காலத்தில் மூளையின் பெரிய வண்ணப்படம் ஒன்று தொங்கியது. நடுமூளையிலிருந்து முன்பக்கம் போகும் நரம்புத் தடத்தைச் சிவப்பில் போட்டிருப்பார்கள். குடி அந்தத் தடத்தை எப்படிக் குழப்புகிறது என்று கொரட்டூரிலிருந்து வந்த ஒரு தச்சருக்கு நாங்கள் அழகாக விளக்கினோம். அவரும் கவனமாகக் கேட்டார். கடைசியில், "அப்ப மூளையே போயிடுச்சின்றீங்க. இனிமே உட்டா இன்னா, உடாட்டி இன்னா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். மறுபடி வரவேயில்லை. விளக்கமும் ஒரு மருந்துதான், அளவு தப்பினால் ஆளைச் சாய்த்துவிடும். படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். யாரும் எடுக்காவிட்டால் இன்னும் அங்கேதான் இருக்கும்.

டோபமைன் இன்பத்தைத் தரும் பொருள் என்று நீங்கள் படித்திருந்தால், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை எனக்குக் காட்டியவர் தேவராஜ். மேனாம்பேட்டுக்காரர், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுபவர்.

கார்த்திகை பிறந்து சில நாள் ஆகியிருந்தது. கறுப்பு வேட்டி, தாடி, கழுத்தில் துளசிமணி மாலை, செருப்பில்லாத கால்கள் என்று ஒருவர் வந்து நின்றார். கூடவே அவர் மனைவி கலா. எங்கள் வார்டு ஊழியர், "வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்று நாற்காலி போட்டார். மாலை போட்டவர் யாராக இருந்தாலும் சாமிதான். அதில் எங்கள் ஊழியர் கண்டிப்பு.

"இப்ப குடிக்கல மேடம். அதான் இட்டுகினு வந்தேன்" என்றார் கலா.

குடிக்காதவரை இங்கே எதற்குக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மலைக்குப் போய்ட்டு வந்து மாலைய கழட்டற அன்னிக்கு குடிப்பாரு. வருஷா வருஷம் இதே கததான். தீபாவளிக்குக் குடிச்சிட்டு வயித்து வலின்னு உழுந்தாரு. கணையம் வீங்கிடுச்சின்னு பெரியாஸ்பத்திரில வச்சிகினாங்க. பொழச்சதே பெருசுன்னாங்க. இன்னொரு வாட்டி குடிச்சா உசுரோட கையில குடுக்க மாட்டோம்னு டாக்டருங்க சொல்லிட்டாங்க. மாலைய கழட்டற அன்னிக்கு நான் இன்னா மேடம் பண்றது?"

தேவராஜ் பக்கத்தில் அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், வேறு யாரைப் பற்றியோ பேச்சு நடப்பது போல.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தினமும் குடிப்பவர் மாலை போட்டுச் சட்டென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் கைகால் உதறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, பிதற்ற ஆரம்பிக்கலாம். அதை அருள் வந்ததாக நினைத்துக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட வீடுகளும் உண்டு. கார்த்திகை முதல் வாரத்தில் கறுப்பு வேட்டி கட்டிய ஒருவர் நடுங்கிக்கொண்டு வந்தால் முதலில் படுக்கையில் சேருங்கள், பேச்சு எல்லாம் பிறகு. தேவராஜுக்கு அந்தக் கட்டம் பெரியாஸ்பத்திரியிலேயே கடந்திருந்தது.

"மாலை கழுத்துல இருக்கும்போது ஆசை வராதா?" என்று கேட்டேன்.

"சத்தியமா ஞாபகமே வராது மேடம். கம்பெனி உட்டு வரும்போது பஸ்ஸு பிராந்தி கடை வாசல்லயேதான் நிக்கும். திரும்பிக்கூட பாக்க மாட்டேன்."

இதைக் கேட்டதும் பலருக்கும் ஒரு கோபம் வரும். கலாவின் அண்ணனுக்கு வந்தது, கம்பெனி சூப்பர்வைசருக்கும் வந்தது. ஒரு மண்டலம் முழுக்க முடிகிறதென்றால் மற்ற நாளில் ஏன் முடியவில்லை, எல்லாம் திமிர்தானே என்று. உங்கள் சக டாக்டர்களே இதைச் சொல்லக் கேட்பீர்கள். பொறுமையாக இருங்கள்.

எங்களோடு ஆயிஷா என்று ஒரு உளவியலாளர் இருந்தார். பூந்தமல்லிப் பெண். நறுக்கென்று பேசுவார். தேவராஜ் போன பிறகு அவர் சொன்னார்: "எங்க மாமா ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் குடிப்பாருன்னு அவருக்கே தெரியாது மேடம். ரமலான்ல விடிஞ்சதுல இருந்து கேக்கவே மாட்டாரு. நோன்பு திறக்கற நேரம் நெருங்கினா போதும், கை தானா சட்டைப் பைக்குப் போகும். பாங்கு சொல்றதுக்கு முன்னாடியே தீப்பெட்டி கையில இருக்கும்."

விஷயம் அவ்வளவுதான். டோபமைன் கணக்குப் பார்த்துச் சுரக்கிறது. கிடைக்கவே கிடைக்காது என்று மூளைக்கு உறுதியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் சும்மா இருக்கும். கிடைக்கப் போகிறது என்பதற்கு ஒரு அடையாளம் தெரிந்த நிமிடமே எழுந்து குதிக்கும். முதல் சில தடவை சாராயம் உள்ளே போன பிறகு சுரந்தது, பழகப் பழக முன்னால் நகர்ந்து, பாட்டில் மூடி திருகும் சத்தத்துக்கே சுரக்கும். பிறகு கடை இருக்கும் தெருமுனைக்கு. அதற்குப் பிறகு, கூடக் குடிப்பவரின் முகத்துக்கு. குடித்தால் வரும் சுகம் வருடத்துக்கு வருடம் தேய்ந்துகொண்டே போகும், குடிக்க வேண்டும் என்ற உந்துதல் மட்டும் தேயாது. தேவராஜே ஒருநாள் சொன்னார்: "குடிச்சா பெருசா ஒன்னும் இல்ல மேடம். மொத வாய் உள்ள போற வரைக்கும்தான் எல்லாம்."

ஆகவே மாலை அவருடைய குடியை நிறுத்தவில்லை. எதிர்பார்ப்பைத்தான் பூட்டி வைத்திருந்தது. பூட்டு திறக்கும் நாள்தான் எங்கள் பிரச்சினை.

அடுத்த முறை வந்தபோது, மாலை கழற்றும் நாளன்று என்னென்ன நடக்கும் என்று ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னேன். ஆலோசனை ஏதும் சொல்லாமல், குறுக்கிடாமல் கேட்டேன். நீங்களும் அப்படிக் கேட்டுப் பழகுங்கள், கஷ்டமான வேலை அது.

வேன் வந்து வாசலில் நிற்கும். வீட்டுக்குள் நுழையுமுன் படியில் தேங்காய் உடைப்பார். கற்பூரம் காட்டுவார்கள். அவருடைய அம்மா மாலையைக் கழற்றி சாமி படத்தில் மாட்டுவார். பிறகு குளியல். ஒரு மண்டலம் சைவம் சாப்பிட்ட மனிதருக்காக கலா ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார். சாயங்காலம் கூட மலைக்குப் போன கூட்டாளிகள் ஒருவர் வீட்டு மாடியில் கூடுவார்கள். அங்கே பாட்டில் தயாராக இருக்கும்.

"இதுல ஆசை எப்ப வரும்? மாடிக்குப் போனப்புறமா?"

"முன்னாடியே வந்துடும் மேடம்."

"கறிக்குழம்பு வாசனைக்கா?"

கலா நிமிர்ந்து பார்த்தார். "நான் ஆசையா செய்யற கொழம்பு கூடவா மேடம்?" என்றார். குரல் உடைந்துவிட்டது.

தேவராஜ் கலாவைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அதுக்கும் முன்னாடி. கழட்டறதுக்கு அம்மா கை கழுத்துல படும்ல, அப்ப. வாயில எச்சி ஊறும் மேடம். பெத்தவ தொடறா, எனக்கு சாராயம் ஞாபகம் வருது. இத யாரான்ட சொல்றது?"

இத்தனை வருட வேலையில் டோபமைனைப் பற்றி நான் கேட்ட மிகத் தெளிவான விளக்கம் அதுதான். மிக மோசமானதும் அதுவே.

கலா ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். "அப்ப கழட்டவே வேணாம் மேடம். இந்த மாலையோடயே இருக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு." ஆயிஷாவுக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. செலவில்லாத மருந்து, ஊரே காவல் காக்கும். கறுப்பு வேட்டிக்கு எந்தக் கடையிலும் பாட்டில் நீட்ட மாட்டார்கள்.

தேவராஜ் முதல் தடவையாக மறுத்தார். "அப்ப அது சாமிக்குப் போட்ட மாலை இல்ல மேடம். உங்களுக்குப் போட்டதாய்டும்."

அவர் சொன்னது நம்பிக்கை சார்ந்த பேச்சு. எனக்குப் பட்ட காரணம் வேறு. மாலையை ஒரு வருடம் வைத்திருந்தாலும் ஒருநாள் நூல் அறும், இல்லையென்றால் வீட்டில் ஒரு சாவு விழும், கழற்ற வேண்டி வரும். அந்த நாள் எங்கே, யாரோடு இருக்கும்போது வரும் என்று நமக்குத் தெரியாது. வரப்போவது உறுதி என்றால் நாமே நாளும் இடமும் குறிப்பது நல்லது. மாலையை மருத்துவமனையில் கழற்றுங்கள் என்றேன்.

ஆயிஷா உடனே திட்டம் போட்டார். தேங்காய் வேண்டாம், கற்பூரம் வேண்டாம், அம்மா வேண்டவே வேண்டாம், மலைக்குக் கூட்டிப் போகும் குருசாமி வந்து கழற்றட்டும். புத்தகப்படி அது சரியான திட்டம். நான் மறுத்தேன். எல்லாமே வேண்டும் என்றேன். தேங்காய் உடைய வேண்டும், அம்மா கை படவேண்டும், அதற்குப் பிறகு சாராயம் வரக்கூடாது. அடையாளம் வந்தும் பொருள் வரவில்லை என்று மூளை கற்பது அப்படித்தான். ஒரே நாளில் கற்றுவிடாது, ஆனால் ஒரு நாளில் தொடங்கித்தான் ஆகவேண்டும்.

"ஆசைய நாமளே கிளப்பி விட்டுட்டு, அவர் எழுந்து கடைக்குப் போயிட்டா?" என்றார் ஆயிஷா.

"போனா செத்துருவார். தெரியும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. கழற்றிய கையோடு வார்டிலேயே தங்கவேண்டும், குடித்தாலும் சுகம் ஏறாமல் தடுக்கும் மாத்திரையை அன்றே தொடங்கவேண்டும் என்று இரண்டு நிபந்தனை வைத்தோம். தேவராஜ் ஒத்துக்கொண்டார். குருசாமிக்கு நானே போன் செய்தேன். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் மனிதர். "தாய் கழட்டணும், இல்ல நான் கழட்டணும். எடம் எதுவா இருந்தா இன்னா மேடம்" என்றார். பிறகு, "கழட்டினப்பறம் சாயங்காலம் நம்ம ஆளுங்க மாடில போடற ஆட்டத்த நானும் கண்டுக்கறதில்ல. தப்புதான்" என்றார். நான் அதைக் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

திங்கட்கிழமை என்று முடிவு செய்திருந்தோம். வேன் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. கலா போன் செய்தபோது நான் அயனம்பாக்கத்தில் என் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மேடம், பூந்தமல்லி தாண்டிட்டாங்களாம். எல்லாரும் இன்னிக்கே கழட்டறாங்க. இவர இன்னா பண்ண சொல்லட்டும்?"

வெளிநோயாளிப் பிரிவுக்கு அன்று விடுமுறை. ஒருநாள் மாலையோடு வீட்டில் இருக்கட்டும், நாளைக்கு வரட்டும் என்று சொல்வது சுலபம். நாக்கு நுனி வரை வந்தது. பிறகு யோசித்தேன். தெருவில் மற்றவர்கள் வீட்டு வாசலில் எல்லாம் தேங்காய் உடையும். மத்தியானம் எல்லா வீட்டிலும் கறி வேகும். சாயங்காலம் மாடியில் சிரிப்புச் சத்தம். இவர் கீழே கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருப்பார். கையை நீட்டினால் கழற்றிவிடலாம். பூட்டு திறந்துதான் இருந்தது, தாழ்ப்பாள் மட்டும் போட்டிருந்தது.

"வீட்டுக்கு வர வேணாம். வேன நேரா ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க. நீங்க அம்மாவ கூட்டிட்டு வாங்க" என்றேன். வாட்ச்மேனுக்கும் ஆயிஷாவுக்கும் போன் செய்துவிட்டுக் கிளம்பினேன். தோசை கல்லிலேயே கருகிப்போனது. அது பிறகுதான் தெரிந்தது.

நான் போனபோது ஆயிஷாவின் ஸ்கூட்டி நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் வேனும் வந்தது. தேவராஜ் தலையில் துணிப்பையோடு இறங்கினார். ஜன்னலிலிருந்து ஒரு கூட்டாளி தலையை நீட்டி, "சீக்கிரம் முடிச்சிகினு வா மச்சான், மாடில வெயிட் பண்றோம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த அன்பு அது. முன் சீட்டிலிருந்த குருசாமி, "அவன் வர மாட்டான், வண்டிய எடுப்பா" என்றார்.

ஆட்டோவில் கலாவும் தேவராஜின் அம்மாவும் வந்தார்கள். அம்மா அம்பத்தூர் மார்க்கெட்டில் பல வருடம் கீரை விற்றவர், வாய் கொஞ்சம் பெரிது என்று கலா சொல்லியிருந்தார். அன்றைக்கு என்னைக் கும்பிட்டுவிட்டு நேராகப் படிக்குப் போய் நின்றார். மருத்துவமனைப் படியில் தேவராஜ் தேங்காயை ஓங்கி உடைத்தார். கற்பூரம் ஏற்றினார்கள். சரணம் சொன்னார்கள். எங்கள் வாட்ச்மேனும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தேவராஜ் குனிந்து நின்றார். அம்மா கையைத் தூக்கினார், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் தொடலாமா மேடம்?"

கலா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். சொல்ல வேண்டாம் என்று நான் எச்சரித்திருக்கவும் இல்லை. தன் கை பட்டால் மகன் செத்துவிடுவானோ என்று ஒரு தாய் பயந்து நிற்பதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

"தொடுங்கம்மா. உங்க புள்ளதானே" என்றேன்.

அம்மா மாலையைக் கழற்றினார். தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துட்ச்சி மேடம்."

"உக்காருங்க. வரட்டும். சண்டை போடாதீங்க."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வேர்வை. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தார். என்ன தெரிகிறது என்று ஆயிஷா கேட்டுக்கொண்டே இருந்தார், அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார். மாடி தெரிகிறது, பிளாஸ்டிக் கப் தெரிகிறது, கை நடுங்குகிறது, நாக்கு காய்கிறது. ஒரு கட்டத்தில் எழுந்து வாசல் வரை போனார். கேட் திறந்துதான் இருந்தது. பூட்டச் சொல்லி வாட்ச்மேன் என்னிடம் ஜாடை காட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். வெளியே ஒரு மினி பஸ் நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் போய், யாரையும் கேட்காமல், அவர் பிடரியில் கையை வைத்துக்கொண்டார். எடுக்கவேயில்லை.

"எப்படி இருக்கு?"

"கொஞ்சம் எறங்குது."

ஏறியது எல்லாம் இறங்கத்தான் செய்யும். இறங்கும் வரை அவரோடு உட்கார்ந்திருக்க ஒரு ஆள் வேண்டும். நம் வேலையில் பெரும்பகுதி அந்த உட்கார்ந்திருப்பதுதான். மற்றதை எல்லாம் படித்து மனப்பாடம் செய்துவிடலாம்.

கடைசியில், "பசிக்குது" என்றார். கலா டப்பாவைத் திறந்தார். எலுமிச்சை சாதம்.

"கறி இல்லியா?" என்றார்.

"அடி வாங்கப் போற நீ" என்றார் கலா. சாமி என்று கூப்பிட்ட மரியாதை மாலையோடு போய்விட்டது. அன்றுதான் அந்தப் பெண் சிரித்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஆசையே எழவில்லை என்று எழுதினால் நீங்கள் என்னை நம்பக்கூடாது. பொங்கலுக்கு அடுத்த வாரம் கடை வரிசையில் நின்றுவிட்டு, பாதியில் விலகி நேராக எங்களிடம் வந்தார். இன்னொரு முறை கம்பெனி நண்பர் கல்யாணத்தில் பந்திக்கு உட்காராமலே ஓடி வந்தார். மூளை பழையதை அழிப்பதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறது. பழையது அடியில் கிடக்கும். ஆனால் அவர் குடிக்கவில்லை, உயிரோடு இருந்தார்.

அடுத்த கார்த்திகை வந்தது. ஊரெல்லாம் கறுப்பு வேட்டி. தேவராஜ் முகத்தை மழித்து, சட்டை போட்டு, செருப்புக் காலோடு வந்தார். கழுத்தில் மாலை இல்லை. கலா என் காதருகே வந்து, "இந்த வருஷம் போடலன்றாரு மேடம். எனக்கு பயமா கீது" என்றார். இத்தனை வருடமும் அந்த ஒரு மண்டலம்தான் கலா நிம்மதியாகத் தூங்கிய காலம். பயப்படுவதில் நியாயம் இருந்தது.

கூட்டாளிகள் மலைக்குக் கிளம்பும் நாளில் வேனில் மூட்டை ஏற்ற மட்டும் போவதாகத் தேவராஜ் சொன்னார். இந்த வருடம் மாலை இல்லை என்று குருசாமி காலில் விழுந்து சொல்லிவிட்டாராம். மலை ஏறாமல் இருப்பது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஏன் போடல?" என்று கேட்டேன்.

"போட்டா கழட்டணும்ல மேடம்" என்றார். பிறகு சட்டைக் காலரைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். "இப்பதான் அம்மா தொட்டா, அம்மா தொட்ட மாதிரி கீது. அத திரும்ப கெடுத்துக்க வேணாம்னு பாக்கறேன்."